தூக்கத்திலிருந்து எழுந்து கடித்த காக்கர் ஸ்பானியல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு லிங்கராஜபுரம் பக்கத்தில், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு வீடுகள் உள்ள கட்டடம். கீழ் வீட்டில் உரிமையாளர்கள்: பொதுத்துறை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், அவர் மனைவி (இனி அம்மா என்றே குறிப்பிடுகிறேன்). பூர்வீகம் கிருஷ்ணகிரிப் பக்கம். மகன் இதே நகரத்தில் தனியாக இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போவார். மகளுக்குக் கல்யாணமாகி வைட்ஃபீல்டில் ஃபிளாட். மேல் வீட்டில் 5 வயதுப் பெண் குழந்தையோடு ஒரு வாடகைக் குடும்பம். இவர்கள் நாய்க்கு வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர் நான். இந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன், அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாயை லட்டு என்று வைத்துக்கொள்வோம்.

லட்டு பொன்னிற இங்கிலீஷ் காக்கர் ஸ்பானியல், ஆண். மகள் புகுந்த வீடு போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டதே என்று மகன் வாங்கிக் கொடுத்தது. போனில் விளம்பரம் பார்த்து, ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் பணம் கொடுத்து, 45 நாள் குட்டியாக வீட்டுக்கு வந்தது. தாய் நாயையோ தகப்பன் நாயையோ யாரும் பார்க்கவில்லை. நாய் வளர்ப்புக்கும் விற்பனைக்குமான 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கவே கூடாது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். இவர்களுக்குக் கிடைத்தது ஒரு தடுப்பூசி அட்டை மட்டும்.

முதல் இரண்டு வருடம் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஒவ்வொரு மழைக்காலத்திலும் இடது காதில் சீழும் நாற்றமும். பக்கத்துக் கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுப்பார்கள், அடங்கும், திரும்ப வரும். இரண்டு, ஒரு வயது வாக்கில் லட்டு உறுமிப் பார்த்திருக்கிறது. காது துடைக்கும்போது, சோபாவிலிருந்து இறக்கும்போது. "வளர்த்தவங்களையே உறுமுறதா" என்று மகன் செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் ஒரு தட்டு தட்டுவாராம். சில மாதங்களில் உறுமல் நின்றுவிட்டது. நாய் திருந்திவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் திருப்தி.

நான்கு கடிகள்

2023 டிசம்பரில் முதல் கடி. இரவு ஒன்பதரை மணி இருக்கும். சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த நாயை மடியில் போட்டுக்கொள்ள அம்மா தூக்கினார். வலது கையில் இரண்டு பல் ஆழமாக இறங்கியது. அப்போது காதுக்காக ஒரு வாரமாக ஸ்டீராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. கடித்த அடுத்த நிமிடம் அதே கையை நக்கிக்கொடுத்ததாம்.

2024 பிப்ரவரியில் இரண்டாவது. காலை நடைக்குக் கிளம்பும்போது பெரியவர் காலர் மாட்டினார், விரலைக் கவ்வியது.

மூன்றாவது ஏப்ரலில். விடியற்காலை, சமையலறையிலிருந்து காப்பி டம்ளரோடு பெரியவர் ஹாலைக் கடந்தார். நாய் ஓரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை, கூப்பிடவில்லை, அதன் பக்கம் போகக்கூட இல்லை. எழுந்து வந்து முழங்காலுக்குக் கீழே கவ்வி, சில விநாடி விடாமல் பிடித்துக்கொண்டது. விட்ட பிறகு தள்ளாடியபடி போய்ப் படுத்துவிட்டது. "கண்ணே வேற மாதிரி இருந்துது டாக்டரம்மா. என்னைப் பாக்குது, ஆனா நான் யாருன்னு தெரியல அதுக்கு" என்றார். காயத்தில் காப்பித்தூள் அப்பிக் கட்டிக்கொண்டு விஷயத்தை மனைவியோடு நிறுத்திக்கொண்டார்.

நான்காவது ஜூலை மாதம். தரையில் படுத்திருந்த நாயின் முன்னால் அம்மா குனிந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக் கொஞ்சினார். மேலுதடு கிழிந்தது.

இதற்கிடையில் அந்த வருடம் மார்ச் 12ஆம் தேதி மத்திய அரசு 23 நாய் இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மேல் வீட்டுக்காரர் வந்து "இது அந்த லிஸ்டுல இருக்கிற ஜாதியா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. ராட்வைலர், பிட்புல் வகைகள் அதில் இருந்தன, காக்கர் இல்லை. ஆனால் வளர்த்தவரையே திடீரென்று தாக்கும் நோய் என்று 1970களிலிருந்து மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டதெல்லாம் காக்கர், ஸ்பிரிங்கர் ஸ்பானியல்கள், பெர்னீஸ் மலை நாய் என்று பெரும்பாலும் குடும்பங்கள் ஆசையோடு வாங்கும் சாது முகங்களைப் பற்றித்தான். பட்டியல் போட்டு அபாயத்தை அளப்பதில் உள்ள கோளாறு இது.

முதலில் ரேபிஸ்

முகக் கடி நடந்த நான்காம் நாள் குடும்பம் என்னிடம் வந்தது. வேறு எதையும் பேசுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்டேன். நாய்க்குக் கடைசியாக ரேபிஸ் ஊசி எப்போது? கடிபட்டவர்களுக்கு என்ன செய்தீர்கள்?

நாயின் வருடாந்திர ஊசி மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தது. அம்மாவை அன்று இரவே ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே உதட்டை நெருக்கமாகத் தையல் போட்டு, ஒரு டிடி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டு நாய்தானே என்று ரேபிஸ் பற்றிப் பேச்சே எழவில்லை.

தோல் கிழிந்து ரத்தம் வந்த எந்தக் கடியும் மூன்றாம் வகைக் கடி, அதாவது ரேபிஸ் சிகிச்சைக் கணக்கில் மிகக் கடுமையான வகை. முகத்தில் என்றால் மூளைக்குத் தூரம் குறைவு. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். தடுப்பூசியோடு கூட, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தைச் சுற்றியே செலுத்த வேண்டும். தையல் கூடியவரை தவிர்க்க வேண்டும், போட்டே ஆக வேண்டுமென்றால் இம்யூனோகுளோபுலின் செலுத்திய பிறகு தளர்வாகப் போட வேண்டும். நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவள் அல்ல. அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன், அங்கே இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியும் தொடங்கினார்கள். பழைய கடிகளுக்கு ஒன்றுமே செய்யாமல் இருந்த பெரியவரையும் அங்கேயே காட்டச் சொன்னேன்.

நாயைப் பொறுத்தவரை, கடித்த நாளிலிருந்து 10 நாள் கண்காணிப்பு. எச்சிலில் கிருமி இருந்த நாயாக இருந்தால் அதற்குள் நோய் முற்றி இறந்துவிடும். டிசம்பரிலும் பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் கடித்த நாய் ஜூலையில் உயிரோடு இருப்பதால் அந்த மூன்று கடிகளும் ரேபிஸ் அல்ல. ஆனால் ஜூலைக் கடிக்குக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. அதனால் முதல் சந்திப்பில் நாயைத் தொடவில்லை. பின்கட்டு அறையில் தனியாகப் பூட்டி வைத்து, தட்டைத் தள்ளிவிட்டுச் சாப்பாடு கொடுக்கச் சொன்னேன். காதையும் வாயையும் திறந்து பார்க்கும் வேலை 10 நாள் கழிந்த பிறகுதான். காத்திருப்பது குடும்பத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு வழியில்லை.

"ரேஜ்" என்று எழுதி வந்த சீட்டு

எனக்கு முன்னால் பார்த்த கிளினிக் ஒன்று சீட்டில் "ரேஜ் சிண்ட்ரோம்" (வளர்த்தவரையே திடீரென்று தாக்கும் அந்த நோய்) என்று எழுதி, ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்துவிடலாம் என்று சொல்லியிருந்தது. மகனும் அதையே சொன்னார். அவர் கோபம் நியாயமானது, தையல் போட்ட உதட்டோடு அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பெயர் காற்றில் வந்ததல்ல. 1996இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு, பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காக்கர் நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டது. பல நிறம் கலந்த நாய்களைவிட ஒரே நிற நாய்களிடம் ஆக்ரோஷம் அதிகம், அதிலும் கருப்பைவிடச் சிவப்பு, பொன் நிறத்தில் அதிகம் என்று கண்டது. பார்சிலோனா குழு ஒன்று 2013இல், ஆக்ரோஷமான காக்கர்களின் ரத்தத்தில், மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருளான செரோடோனின் அளவு ஆக்ரோஷமான மற்ற இன நாய்களைவிடக் குறைவாக இருந்ததாக எழுதியது. பரம்பரையின் பங்கு ஏதோ இருக்கிறது என்பதற்கு இவை போதும்.

ஆனால் நிறமும் இனமும் ஒரு தனி நாயின் நோயைச் சொல்லாது. பெரும்பாலான பொன்னிற காக்கர்கள் யாரையும் கடிப்பதில்லை. "ரேஜ்" என்பதை உறுதி செய்ய ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஒரு ஸ்கேன் கிடையாது. வலி, தைராய்டு, வலிப்பு, மூளையில் கட்டி, பயம், சாப்பாட்டையோ இடத்தையோ காக்கும் குணம் என்று மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு கடைசியில் மிஞ்சுவதற்கு வைக்கும் பெயர் அது. எதையும் கழிக்காமல் முதலிலேயே எழுதினால், அதற்குப் பிறகு யாரும் நாயின் காதைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். இங்கே கிட்டத்தட்ட அதுதான் நடந்திருந்தது.

நோட்டுப் புத்தகமும் கேமராவும்

காத்திருந்த நாட்களில் குடும்பத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன். நான்கு கடிகளையும், கடியில் முடியாத சின்னச் சின்ன விலகல்களையும் நினைவிலிருந்து எழுத வேண்டும். என்ன நேரம், எந்த இடம், தூக்கமா விழிப்பா, யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள், தொட்டார்களா, எங்கே தொட்டார்கள், அந்த வாரம் என்ன மருந்து. பெரியவர் ஆலையில் ஷிப்ட் லாக் எழுதிப் பழகியவர். நான் எதிர்பார்த்ததைவிடச் சுத்தமாக எழுதிக்கொண்டு வந்தார். மகன் ஹாலிலும் பின்கட்டிலும் கேமரா மாட்டினார்.

அந்த நோட்டை வைத்துப் பார்த்தபோது "திடீர்" என்பது பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. முதல், இரண்டாம், நான்காம் கடிகளில் கை இடது காதுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. தூக்கும்போது அம்மாவின் முழங்கை, காலர் மாட்டும்போது பக்கிள், கொஞ்சும்போது உள்ளங்கை. எலும்பு மெல்லுவதை லட்டு பிப்ரவரியிலேயே விட்டுவிட்டதாம். பிஸ்கட்டைக்கூடத் தண்ணீரில் நனைத்தால்தான் தின்னும். வயசாகிறது என்று நினைத்திருக்கிறார்கள். மூன்று வயது நாய்க்கு என்ன வயசு?

கேமரா இன்னொன்றைக் காட்டியது. பின்கட்டில் பெரியவர் தட்டை வைக்கக் கதவருகே இடதுபுறமாக வந்தால், நாய் அப்படியே உறைந்து நிற்கிறது. தலையைத் திருப்பிக்கொள்கிறது, உதட்டை நக்குகிறது, கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிகிறது. மூன்று நான்கு விநாடி. பிறகு வாயைத் திறந்து காற்றில் ஒரு கடி. உறுமல் மட்டும் இல்லை. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் உறுமலை விட்டுவிடும், வலியை விட முடியாது. குடும்பம் காதில் விழும் எச்சரிக்கையைத்தான் தட்டி அடக்கியிருந்தது. மகனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை.

ஆனால் மூன்றாவது கடி இந்தக் கணக்கில் சேரவில்லை. தொடவில்லை, அருகில் போகவில்லை, நாய் தூக்கத்திலிருந்து எழுந்தது, பிறகு தள்ளாடியது. அதைத் தனிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டோம்.

காதுக்குள்

10 நாள் முடிந்து நாய் நலமாக இருந்ததால் ரேபிஸ் கேள்வி தீர்ந்தது. மசில் (வாய்க்கூடு) மாட்டித்தான் பரிசோதனை. இடது காதின் அடிப்பகுதியை அழுத்தியதும் உடம்பே விறைத்தது. மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் வாயைத் திறக்க விடவில்லை, மயக்கத்தில் தாடை தாராளமாகத் திறந்தது. வலி இருக்கும் இடத்துக்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டாம். நடுக்காதின் எலும்புக் கூடும் தாடை மூட்டும் அக்கம்பக்கத்து வீடுகள்.

காதுக் குழாய் தடித்து, பென்சில் நுனி நுழைகிற அளவுக்குக் குறுகியிருந்தது. செவிப்பறை கிழிந்திருந்தது. சி.டி. ஸ்கேனில் இடது நடுக்காது முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது, மூளையில் கட்டி எதுவும் தெரியவில்லை. சீழை வளர்த்துப் பார்த்ததில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. தைராய்டு ஹார்மோன் டி4, தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் டி.எஸ்.எச். இரண்டும் சரியான அளவில் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது முக்கியம், வேறு எந்த நோயில் கிடக்கும் நாய்க்கும் டி4 மட்டும் தாழ்ந்து காட்டலாம்.

காக்கர்களின் காது இதற்கென்றே செய்தது போலிருக்கும். கனத்துத் தொங்கும் மடல், உள்ளே முடி, சுரப்பிகள் அதிகம், காற்று போகாது. பெங்களூரின் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான ஈரத்தில் அழற்சி ஆறுவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். இரண்டு வருடமாகக் கொடுத்த சொட்டு மருந்துகளில் ஒன்றில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்தது. செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று பார்க்காமல் அதை ஊற்றக் கூடாது, கிழிந்திருந்தால் உள்காதைக் கெடுக்கலாம். ஸ்டீராய்டு பற்றியும் ஒரு சொல்: வீக்கத்துக்கு அது தேவைப்படலாம், ஆனால் சில நாய்களில் எரிச்சலைக் கூட்டும். முதல் கடி அந்த வாரத்தில் விழுந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

வீட்டில் நடந்த பேச்சு

இந்த நேரத்தில் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. செப்டம்பரில் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. நவம்பரில் பிரசவ நாள். ஆகவே "நாயைக் குணமாக்க முடியுமா" என்பதைவிட, நவம்பரில் அந்த ஹாலில் ஒரு பச்சைக் குழந்தை இருக்கலாமா என்பதுதான் முன்னால் நின்ற கேள்வி.

நான்கு யோசனைகள் மேசையில் இருந்தன. மகன் சொன்னபடி கருணைக்கொலை. பெரியவரின் தம்பி சொன்னது: ஊரில் மாந்தோப்பில் விட்டுவிடலாம், காவலுக்கு ஆச்சு. அம்மா சொன்னது: காப்பகம் எதிலாவது சேர்க்கலாம். நான்காவது, வீட்டிலேயே வைத்து வைத்தியம்.

தோப்பு யோசனையைத்தான் நான் கடுமையாக எதிர்த்தேன், அது கேட்க இதமாக இருப்பதால். தோப்பில் வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். காது நோயோடு கடிக்கும் நாயை வைத்தியம் இல்லாத இடத்துக்கு அனுப்பினால், அடுத்த கடி கணக்கில் வராத யாரோ ஒருவர் மேல் விழும். காப்பகத்துக்கும் அதே பதில்தான்: கடிக்கும் வரலாற்றை மறைத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். மறைக்கக் கூடாது.

கருணைக்கொலையை நான் தவறென்று சொல்லவில்லை. வலிக்குக் காரணம் கையில் கிடைத்திருப்பதால் இப்போது வேண்டாம் என்றேன். ஆனால் எந்த நிலையில் அதைச் செய்வோம் என்பதை அன்றே எழுதி வைக்கச் சொன்னேன். காது வைத்தியம் முடிந்த பிறகும் ஒரு மனிதரை முன்னறிவிப்பில்லாமல் கடித்தால், அல்லது யாருடைய முகத்திலாவது பல் பட்டால், மறு பேச்சில்லை. பெரியவர் நோட்டில் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த கடி நடந்த ராத்திரியில் உட்கார்ந்து யோசிக்க யாராலும் முடியாது.

பிரசவத்துக்கு வழி சொன்னது மகள். "நான் அங்க வரல. அம்மா இங்க வரட்டும்." தாய்வீட்டில் நடக்க வேண்டியது மகள் ஃபிளாட்டில் என்றதும் சம்பந்தி வீட்டில் முகம் சுளித்தார்கள். நாய்க்காகவா என்று கேட்டார்கள். கேட்கட்டும் என்று மருமகன் சொல்லிவிட்டார். வளைகாப்பை ஒரு சின்ன மண்டபத்தில் வைத்துக்கொண்டார்கள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இடுப்பளவு கம்பிக் கேட், மேல் வீட்டுக் குழந்தை இறங்கும் படிக்கட்டுப் பக்கம் எப்போதும் பூட்டு, வெளியே போனால் கூடை மசில், சோபா கிடையாது, தூங்கும் நாயை யாரும் தொடுவதில்லை, தூரத்திலிருந்து பேர் சொல்லி எழுப்புவது. இவ்வளவும் ஆகஸ்டிலேயே நடைமுறைக்கு வந்தன.

மயக்கத்தில் காதை ஆழமாகக் கழுவி, கிருமிப் பரிசோதனை சொன்ன மருந்தும் வலிக்கு மருந்தும் தொடங்கினோம். மனநிலைக்கான ஃப்ளூவாக்ஸ்டினையும் உடனே ஆரம்பிக்கக் குடும்பம் கேட்டது. அது வேலை செய்யவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதோடு, இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் எது பலன் தந்தது என்று தெரியாது. வலியை முதலில் எடுத்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். மருந்து அளவுகளை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் காலர் மாட்ட விட்டது. பிஸ்கட்டை நனைக்காமல் தின்றது.

செப்டம்பர் இரவு

எல்லாம் காதுதான் என்று முடித்துவிட வசதியாக இருந்திருக்கும். செப்டம்பர் நடுவில், விடியற்காலை 3.40க்கு, ஹால் கேமராவில் ஒரு பதிவு. லட்டு தனியாகத் தூங்குகிறது. சட்டென்று எழுந்து சோபாக் காலைக் கவ்விப் பிடிக்கிறது. உறைதல் இல்லை, உதடு நக்கல் இல்லை, எதிரில் யாரும் இல்லை. வாயில் எச்சில் வழிகிறது. சத்தம் கேட்டு எழுந்த பெரியவர் கேட்டுக்குப் பின்னால் நின்று கூப்பிடுகிறார், அரை நிமிடத்துக்கு மேல் அதற்கு அவர் குரல் எட்டவே இல்லை. பிறகு தள்ளாடி நடந்து படுத்துவிடுகிறது. ஏப்ரல் மாதத்துக் காப்பி டம்ளர் காலையின் மறுபதிப்பு.

இது வலிப்பின் ஒரு வடிவமாக இருக்கலாம். கனவுத் தூக்கத்தில் தசைகள் அடங்காத கோளாறாக இருக்கலாம். உண்மையிலேயே பழைய நூல்கள் "ரேஜ்" என்று சொன்னதாகவும் இருக்கலாம், அந்தப் பெயரே மூளையின் ஒரு பகுதியில் வரும் வலிப்பைத்தான் குறிக்கிறதோ என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு. பிரித்தறிய எம்.ஆர்.ஐ.யும், நிகழ்வு நடக்கும்போதே மூளையின் மின் அலைப் பதிவும் (இ.இ.ஜி.) வேண்டும். இரண்டாவது சாதாரண கிளினிக்கில் நடக்கிற காரியமல்ல. சி.டி.க்கே நிறையச் செலவழித்திருந்த குடும்பம் எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்றது, நானும் வற்புறுத்தவில்லை. முடிவு எதுவானாலும் அடுத்த படி ஒன்றுதான்: வலிப்பு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது.

பீனோபார்பிட்டால் தொடங்கினோம். முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் அடங்காப் பசியும். சில வாரங்களில் ரத்தத்தில் மருந்தின் அளவும், அவ்வப்போது கல்லீரலும் பார்த்தோம். நாமாக ஒருநாள் நிறுத்திவிடக் கூடாத மருந்து அது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் ஒருமுறை எழுந்து நின்று வெறித்தது, கவ்வவில்லை. அதற்குப் பிறகு கேமராவில் அப்படி எதுவும் வரவில்லை.

மருந்துதான் நிறுத்தியதா? நமக்குத் தெரிந்து வருடத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் வந்த ஒன்று, சில மாதம் வராமல் இருப்பதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. பலன் தந்ததுபோல் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதன் பிறகு

நவம்பரில் ஆண் குழந்தை. அம்மா மூன்று மாதம் மகளோடு இருந்தார், பெரியவர் நாயோடு. பேரனை முதன்முதலில் பெரியவர் வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் லட்டு போர்டிங்கில் இருந்தது. குழந்தையும் நாயும் ஒரே அறையில் இருந்ததில்லை, இனியும் இருக்கப்போவதில்லை. அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

2025 ஜூனில் மழை பிடித்ததும் இடது காது நோய் திரும்ப வந்தது. இந்தமுறை பெரியவர் போனில் சொன்ன முதல் வார்த்தை "டாக்டரம்மா, உறுமுறான்". காது பக்கம் கை போனதும் தாழ்ந்த குரலில் உறுமியிருக்கிறது. அவர் கையை எடுத்துக்கொண்டார், அதுவும் நிறுத்திக்கொண்டது. ஒரு வருடத்தில் நான் கேட்ட நல்ல செய்தி அதுதான். ஜூலையில் காதுக் குழாயையே முழுதாக எடுத்து நடுக்காதைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சைக்கு அனுப்பினேன். முக நரம்புக்கு ஆபத்து உண்டு என்றும் அந்தப் பக்கம் காது கேட்காமல் போய்விடும் என்றும் முன்கூட்டியே சொல்லித்தான் செய்தது. முகம் தப்பித்தது. காதடி தொட்டால் இப்போது விறைப்பதில்லை.

2024 ஜூலைக்குப் பிறகு மனிதர் யாரையும் கடிக்கவில்லை. ஆனால் அம்மா அதை மடியில் போட்டுக்கொள்வதில்லை. சாப்பாடு வைப்பார், பேசுவார், தொடமாட்டார். அதை மாற்ற நான் முயலவில்லை, அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கம்பிக் கேட்டும் கேமராவும் அப்படியே இருக்கின்றன. மாத்திரை ஓடுகிறது.

என்ன மாற வேண்டும்

வளர்ப்பவரைக் கடித்த எந்த நாயும் என் கிளினிக்கில் இப்போது நடத்தைக் கேள்விகளுக்கு முன்னால் மயக்கத்தில் காது, வாய், பல் பரிசோதனைக்குப் போகிறது. மீண்டும் மீண்டும் காது நோய் வரும் காக்கரை, கடிக்கும்வரை காத்திருக்காமல், இரண்டாவது மழைக்காலத்திலேயே செவிப்பறை பார்க்க அனுப்ப வேண்டும். அதைச் செய்யக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் தெருமுனைக் கிளினிக் வைத்திருப்பவர்கள்தான்.

குடும்பங்களிடம் குட்டி வாங்கிய முதல் மாதத்திலேயே உறுமலைப் பற்றிப் பேசுவது வழக்கமாக வேண்டும். தடுப்பூசிக்கு வரும்போது இரண்டு நிமிடம் போதும். இந்த வீட்டில் உறுமல் மிஞ்சியிருந்தால் குறைந்தது மூன்று கடிகள் கையை எடுத்துக்கொள்வதோடு போயிருக்கும் என்பது என் கணிப்பு.

மருத்துவமனைகளில் வீட்டு நாய்க் கடியும் தெரு நாய்க் கடியும் ஒரே நடைமுறைக்குள் வர வேண்டும். அம்மாவின் உதட்டில் தையல் முதலிலும் ரேபிஸ் மருந்து நான்கு நாள் கழித்தும் வந்தது, நாயிடம் கிருமி இல்லாததால் தப்பியது.

இன்னொன்று நடக்காமலே போனது. லட்டுவின் கூடப்பிறந்த குட்டிகளுக்கு இதுபோல் ஏதாவது வந்ததா என்று தெரிந்திருந்தால் செப்டம்பர் இரவுக்கு ஒரு விளக்கமாவது கிடைத்திருக்கும். மகன் விற்றவரின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அந்த ஆள் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அதே எண்ணில், அதே பொன்னிறக் குட்டிகளின் படத்தோடு, விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாக மகன் சொன்னார். புகாரை எழுதி மாநில விலங்கு நல வாரியத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.